எதற்காகக் கற்பது?
மலையகத்தின் முன் நிற்கும் வினா

தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. விடியற்காலையில் பெரட்டுக் களத்திற் கூடி, மலையேறி, குறித்த நிறைக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தவருக்கு அன்று ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். அங்கே பேர் என்பது மனிதரைக் குறிப்பதன்று. ஒரு நாட்கூலியைக் குறிப்பது. அதே தோட்டத்தின் மற்றொரு மூலையில் இன்னோர் ஏடு திறக்கப்படுகிறது. அது பாடசாலையின் வரவு இடாப்பு. அதிலும் காலைதோறும் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. பிள்ளைகள் எழுந்து நின்று குரல் கொடுக்கின்றனர்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மலையகத்துப் பிள்ளை இவ்விரண்டு ஏடுகளுக்கும் நடுவில் நிற்கிறது. செக்ரோலில் விழுந்த பேரின் பயன் இன்னதென்று மாதமுடிவிற் சம்பளத்தோடு தெரிந்துவிடும். இடாப்பில் விழுந்த பெயரின் பயன் யாது? அது எப்பொழுது கைக்கு வரும்? இந்த வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்த காலங்களில் மலையகப் பிள்ளை ஆர்வத்தோடு கற்றது. விடை மங்கிய காலங்களிற் பாடசாலையை விட்டு நழுவியது. இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகும் கருத்து.

கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடெங்கும் பேசப்படும் காலம் இது. கல்வியமைச்சையும் தம் பொறுப்பிற் கொண்டுள்ள பிரதமர் ஹரிணி அமரசூரிய அவர்கள் 2025 ஜூலையிற் பாராளுமன்றத்தில் அதனை விளக்கியது முதல், பாடத்திட்டம், பாடவேளை, பரீட்சை முறை ஆகியன பற்றி வாதங்கள் மிகுந்துள்ளன. அவ்வாதங்களினூடே மலையகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாது ஒலிக்கக் கேட்கிறோம். “தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஊக்கமில்லை, பெற்றோருக்கும் அக்கறையில்லை” என்பதே அது. மேடையிற் சொல்லுவோர் இதனை இரக்கத்தோடு சொல்லுகின்றனர். ஆசிரியர் அறையிற் சொல்லுவோர் சலிப்போடு சொல்லுகின்றனர். இரு சாராரும் நோயின் குறியை நோயின் காரணமாகக் கொண்டுவிட்டனர் என்பது நம் அபிப்பிராயம்.

ஊக்கமும் அரசியலும்

வள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஊக்கமுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவையெல்லாம் பொருட்பாலில் அரசியல் என்னும் இயலிலேயே அடங்குகின்றன. இல்லறவியலிலோ துறவறவியலிலோ அவர் இவற்றை வைக்கவில்லை. அவர் கருதியது எதுவாயினும், இன்றைய வாசகர் இந்த வைப்புமுறையிலிருந்து ஓர் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். ஊக்கம் ஒருவன் நெஞ்சில் மட்டும் தானே ஊறும் சுனையன்று. அவன் வாழும் நாட்டின் நடைமுறையும் அதனைச் சுரக்கச் செய்யும், வற்றவும் செய்யும்.

புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய பாட்டைத் தமிழ் கற்றோர் அறிவர். ஒரு வயிற்றிற் பிறந்த மக்களுள்ளும் தாயின் மனம் கற்றவன்பாற் சாயும். மூத்தோனை விடுத்து அறிவுடையோனையே அரசும் நாடும் என்பது அவ்வரசன் காட்டும் நியாயம். கற்றவனை அரசு நாடிச் செல்லும் என்ற உறுதி இருந்தமையால் அந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது. கற்றாலும் அரசு நாடாது, கற்றவனையும் நாட்டினன் அல்லன் என்று சொல்லும் என்றிருந்தால், அரசனாயினும் அவ்வுரையை எவ்வாறு சொல்லியிருக்க முடியும்? மலையகத்தில் அத்தகைய காலம் ஒன்று இருந்தது.

நூறாண்டுக் கணக்கு

தோட்டக் கல்வியின் வரலாறு சுருக்கமானது. 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளரின் ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலியுறுத்தியது. பத்து வயது என்ற எல்லையே ஒரு கதை சொல்லுகிறது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலை காத்திருந்தது. அதற்கு மேற்பட்ட கல்வி வேலைக்கு இடையூறு என்று கருதப்பட்டது. பெரும்பாலான இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். கன்னங்கரா அவர்களின் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே தங்கிவிட்டன. அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்க மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

எனினும் அந்த இருண்ட காலத்திலும் கற்க வேண்டும் என்ற வேட்கை இருந்தது. ஏனெனில் நோக்கம் கண்ணெதிரே நின்றது. 1920களில் ‘தேசநேசன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தியவரும், 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்டவருமான கோ. நடேசய்யரும், அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்தை ஆயுதமாக்கினர். அம்மையார் கூட்டங்களிற் பாடிய பாட்டுகள் சிறு நூல்களாக அச்சேறின. துண்டுப் பிரசுரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால், அவரைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்து கேட்பர். கங்காணியின் கணக்கைச் சரிபார்க்க, துண்டு என்னும் கடன்முறையின் பிடியிலிருந்து விடுபட, ஊருக்குக் கடிதம் எழுத எழுத்து வேண்டியிருந்தது. அந்நாளில் எழுதப் படிக்க அறிந்தவன் எதற்காகக் கற்றோம் என்று வினவவேண்டிய நிலையில் இருந்ததில்லை.

அந்த நம்பிக்கையின் கனிகளுள் ஒருவரே சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்திற் பிறந்து, கற்று, ஆசிரியராகி, கவிஞராகி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். ஆனால் மறுவருடமே வந்தது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமோ, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

அக்காலத்தில் ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். நாளை தான் எந்த நாட்டுக் குடி என்று அப்பிள்ளைக்குத் தெரியாது. சக மாணாக்கரின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டித் தலைமன்னாருக்கு ரயிலேறுகின்றன. இடாப்பிற் பெயர்கள் கோடிட்டு அழிக்கப்படுகின்றன. எந்த நாட்டின் சரித்திரத்தை அது படிப்பது? எந்த நாட்டின் உத்தியோகத்துக்கு ஆசைப்படுவது? அப்பிள்ளைக்கு ஊக்கமில்லை என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான். இன்றைய பெற்றோரிற் பலர் அந்த நிலை முற்றாக நீங்குமுன் பிறந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களுடைய ‘அக்கறையின்மை’ கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்று.

ஹட்டனில் ஒரு விழிப்பு

எல்லாக் கதவும் அடைபட்டிருந்த அந்த 1960களிலேயே ஹட்டனில் ஒரு விழிப்பு நிகழ்ந்தது. ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம், அவரோடு பணியாற்றிய எழுத்தாளர் திருச்செந்தூரன் முதலியோர் மாணவர் முன் வேறொரு நோக்கத்தை வைத்தனர். ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைக்குத் தலைகுனிந்திருந்த இளைஞர் ‘நான் மலையகத்தவன்’ என்று நிமிர்ந்து சொல்லத் தொடங்கினர். உத்தியோகம் கிடைக்கும் என்ற உறுதியை அந்த ஆசிரியர்களால் அளித்திருக்க முடியாது. பிரசாவுரிமையையும் அவர்களால் வழங்கியிருக்க முடியாது. அவர்கள் அளித்தது ஒன்றே: நீ கற்பது உனக்காக மட்டுமன்று, பேசத் தெரியாதவர் என்று உலகம் கருதும் ஒரு சமுதாயத்தின் வாயாக நீ இருக்கிறாய் என்னும் உணர்ச்சி. மலையக இலக்கியம் அக்காலத்திலேயே வீறுகொண்டு எழுந்தது தற்செயலன்று. என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் கொழுந்துக் கூடையையும் லயத்து அறையையும் கலைப்பொருளாக்கிய போது, எழுதத் தக்க வாழ்வு நம்முடையது என்ற செய்தி வகுப்பறைக்கும் எட்டியது.

கல்வியில் நோக்கம் என்பது சம்பளப் பட்டியலோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டியதில்லை.

1977க்குப் பின் வேறொரு நோக்கம் பிறந்தது. பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. சுவீடன் நாட்டு உதவியாற் கட்டடங்கள் எழுந்தன; ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. கற்ற இளைஞர்க்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. லயத்திலிருந்து புறப்பட்டு, வெள்ளை வேட்டியோ சேலையோ உடுத்தி, அதே லயத்தைக் கடந்து பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். நூறு சொற்பொழிவுகள் செய்யாததை அந்த ஒரு காட்சி செய்தது. இன்றும் மலையக வகுப்பறை ஒன்றில் ‘நீ யாராக வருவாய்?’ என்று கேட்டால், ‘ஆசிரியர்’ என்ற விடையே முந்தி வரும். அது ஆசையின் குறைவன்று. கண்ணுக்குத் தெரிந்த படி அது ஒன்றே என்பதன் அடையாளம்.

இன்றைய இழுப்பு

ஆனால் படி ஒன்றே இருந்தால் அதில் எத்தனை பேர் ஏற முடியும்? மற்றைப் படிகளை நோக்குவோம். பெரும்பாலான துறைகளிற் பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது விழுக்காடு நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து விழுக்காடு மாவட்டங்களுக்கும், ஐந்து விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. எனினும் மாவட்டத்துக்குரிய இடம் தோட்டப் பிள்ளைக்கே உரிய இடமன்று. உயர்தரத்தில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் இம்மாவட்டத்தில் மிகச் சிலவே. வாசலே இல்லாத வீட்டுக்குள் இடம் ஒதுக்கி வைத்திருப்பதாற் பயன் என்ன?

இதற்கிடையே கொழும்பின் கடைகளும் உணவுச்சாலைகளும், ஆடைத் தொழிற்சாலைகளும், வளைகுடா நாட்டு வீடுகளும் அழைக்கின்றன. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இற் பதினாறாக உயர்த்தப்பட்டது; வேலைக்கமர்த்தும் வயதும் 2021இற் பதினாறாக்கப்பட்டது. சட்டம் நல்லது. ஆனால் நோயாளித் தந்தையும் கடனும் உள்ள வீட்டில், பதினைந்து வயதுப் பிள்ளை அனுப்பக்கூடிய சில ஆயிரம் ரூபாவுக்கு எதிராகப் பாடசாலை எதனைத் தராசில் வைக்கிறது? 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வரவு ஊக்கத்தொகையாக அரசு 200 ரூபா வழங்கவும் முன்மொழிந்தது. தாய்க்கு முழுப்பேர் விழும் நாட்களின் எண்ணிக்கையே, பிள்ளை பாடசாலையில் எத்தனை வருடம் இருக்கும் என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்கிறது.

தப்பிச் செல்லும் கல்வி

இந்நிலையில் ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளைக்குச் சொல்லும் ஊக்கமொழி ஒன்று உண்டு: “படித்தால் இந்தத் தோட்டத்தை விட்டுப் போகலாம்; படிக்காவிட்டால் உன் அம்மாவைப் போலக் கூடைதான் சுமப்பாய்.” அன்பினாற் சொல்லப்படும் மொழிதான் இது. சொல்லும் தாயின் முதுகில் கூடைக்கயிற்றின் தழும்பு இருக்கும்போது, அவளை யார் குறைகூற முடியும்? ஆயினும் ஆசிரியராகிய நாம் இம்மொழியைச் சற்று நின்று ஆராய வேண்டும்.

தப்பிச் செல்லுதலே கல்வியின் ஒரே நோக்கமாயின், மூன்று தீங்குகள் விளைகின்றன. பரீட்சையில் வெல்லாத பிள்ளைக்குப் பத்தாண்டுக் கல்வியும் வீண் என்றாகிவிடுகிறது. அது தோற்ற மனத்தோடு மலைக்குத் திரும்புகிறது. வென்ற பிள்ளை மலையை விட்டுப் போய்விடுகிறது. சமுதாயம் தன் விதைநெல்லை இழக்கிறது. இவ்விரண்டினும் கொடியது மூன்றாவது. தாயின் உழைப்பு இழிவு என்பதைப் பாடசாலையே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறது. தன் தாயை எண்ணி நாணும் பிள்ளை எந்தப் புத்தகத்தை நெஞ்சார நேசிக்கும்?

அப்படியானால் வேறு நோக்கம் யாது? பிரேசில் நாட்டில் 1963இல் நடந்த ஒரு முயற்சியை இங்கே நினைவுகூரலாம். அங்கிகோஸ் என்ற சிற்றூரில் பவுலோ பிரெயிரே என்னும் கல்வியாளர் சுமார் முந்நூறு ஏழைத் தொழிலாளருக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவர் கையாண்ட வழி எளியது. அவர்களுடைய அன்றாட வாழ்விற் புழங்கும் சொற்களையே முதற் பாடமாக்கினார். அச்சொற்களைப் பற்றிய உரையாடலோடு எழுத்தும் வந்தது. எழுத்தறியாதாருக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை. ஆகவே எழுத்தறிவு வாக்கறிவுமாயிற்று. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரைச் சிறையிலிட்டது. பின்னர் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். அங்கே எழுத்தறிந்தோருக்கு வாக்கு இருந்தது. இங்கே எழுத்தறிந்தும் வாக்கிழந்து நின்றனர் நம்மவர். இரு வரலாறுகளும் உணர்த்துவது ஒன்றே: கற்பவன் தன் வாழ்வைத் தானே வாசிக்கத் தொடங்கும்போது ஊக்கத்தை வெளியிலிருந்து ஊட்டவேண்டியதில்லை.

மலையக வகுப்பறையில் இதனைச் செய்ய இயலாதா? விழுக்காடு கற்பிக்கும் ஆசிரியர் தாயின் சம்பளத் துண்டைக் கொண்டுவரச் சொல்லலாம். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்கூலியை எடுத்துக்கொண்டால், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு எட்டு விழுக்காடு, அதாவது 108 ரூபா. தொழில்தருநரின் பங்கு பன்னிரண்டு விழுக்காடு, 162 ரூபா. நம்பிக்கை நிதிக்கு மூன்று விழுக்காடு, 40 ரூபா 50 சதம். இக்கணக்கைச் செய்த பிள்ளை மாலையில் வீடு சென்று, ‘அம்மா, உங்கள் பெயரில் இவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும்’ என்று சொல்லும். கேத்திரகணிதம் கற்பிப்பவர், மேடைகளிற் பேசப்படும் ஏழு பேர்ச் காணி எவ்வளவு என்று முற்றத்தில் அளந்து காட்டலாம். ஏறக்குறைய 1,906 சதுரஅடி. இரசாயனம் கற்பிப்பவருக்கு 2021ஆம் ஆண்டே பாடநூல். இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் அத்தடை நீங்கிய கதையை ஒவ்வொரு கொழுந்துக் கூடையும் அறியும். இலைக்கு நைதரசன் எதற்கு என்ற வினா அந்த வகுப்பில் உயிரற்ற வினாவாக இராது.

புவியியலுக்கோ உதாரணம் தேடவேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்னரே இருந்தது. போவதற்கு வேறு நிலமே அம்மக்களுக்கு இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டை மீண்டும் புரட்டியது. மலைச்சரிவின் சாய்வையும் மண்ணின் ஈரத்தையும் மழைமானியின் அளவையும் அறிதல் இங்கே உயிர்காக்கும் கல்வி. பாதுகாப்பான காணியைச் சட்டப்படி கேட்கத் தெரிதல் அதன் மறுபாதி.

ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும், எழவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துப் படிப்பே போதும் என்ற அன்றைய துரைமாரின் போக்கைத்தான் நீரும் வேறு ஆடையில் கொணர்கின்றீரா என்று நம்மை ஒருவர் வினவலாம். அன்று. துரைமாரின் கல்வி தோட்டத்தில் தொடங்கித் தோட்டத்திலேயே முடிந்தது. நாம் வேண்டுவது தோட்டத்தில் தொடங்கி எல்லையின்றிச் செல்லும் கல்வி. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. அதைச் சூழ்ந்த லயங்களின் பிள்ளைகள் அதன் வேலியை வெளியிலிருந்தே பார்த்துச் செல்லும் வரை நம் கல்வி முழுமை பெற்றதாகாது. கொழுந்தைப் பறித்த கையின் பேரப்பிள்ளை அக்கொழுந்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய வேண்டும். அதற்கு வேண்டியது விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலமும் சிங்களமும். குறைந்த கல்வியன்று, கூடிய கல்வி.

ஆகவே ஊக்கச் சொற்பொழிவுகளை அரசும் சங்கங்களும் சற்றுக் குறைத்துக்கொண்டு, செய்யத்தக்கவற்றைச் செய்தல் நலம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களைச் சுற்றி உயர்தர விஞ்ஞான வகுப்புகள் தமிழில் பெருகவேண்டும். அவற்றுக்குத் தொலைதூரத் தோட்டத்துப் பிள்ளை சென்றுவர வாகனமும் தங்க விடுதியும் வேண்டும். நியமனம் பெற்ற ஆசிரியர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்காமல் தங்கும்படி உறைவிடம் அமையவேண்டும். மதிய உணவு தவறாது கிடைக்கவேண்டும். இவையெல்லாம் ஊக்கத்துக்குப் புறம்பானவை என்று எண்ணுவோர், பசித்த வயிற்றோடு ஆறு மைல் நடந்து பார்க்கட்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது அதனினும் எளிது, அதனினும் அரிது. பிள்ளையின் பெயரை இடாப்பில் வாசிக்கும்போது, அது செக்ரோலுக்குச் செல்லக் காத்திருக்கும் இன்னொரு பேர் என்று மனத்தின் ஒரு மூலையிலேனும் எண்ணாதிருத்தல். 2023இல், மலையக மக்களின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். பெயர் எழுதப்படாமலே அவ்வழியில் மாண்டோர் எத்தனையோ பேர். அவர்களுடைய வழித்தோன்றல் இன்று வகுப்பறையில் எழுந்து நின்று தன் பெயரைத் தானே எழுதுகிறது. அதற்குப் பக்கத்திலே, தாயின் கணக்கையும் எழுதிச் சரிபார்க்கிறது. எதற்காகக் கற்பது என்று அப்பிள்ளை கேட்டால், விடைக்கு நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.